விட்டுப்போன ஆமென்

எனக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. இதைப் படிக்கும் எங்கள் சபையார் யாரும் அதிர்ச்சி அடைய வேண்டாம். இருபத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தே இருக்கும்.

எனக்குத் தெரிந்தது வெள்ளைக் கட்டைகள் மட்டும். கறுப்புக் கட்டைகளோடு பேச்சுவார்த்தை கிடையாது. என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே கீபோர்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். டிரான்ஸ்போஸ் என்று பெயர். அதை ஒருமுறை அமுக்கினால் மொத்தக் கீபோர்டும் அரைச் சுருதி மேலே ஏறிவிடும். இரண்டு முறை அமுக்கினால் முழுச் சுருதி. என் விரல்கள் எப்போதும் போல வெள்ளையிலேயே 'சி' ஸ்கேல் வாசித்துக்கொண்டிருக்கும்; வெளியே கேட்பது 'டி'யாகவோ 'ஈ'யாகவோ இருக்கும். (கண்டுபிடித்தவர் நல்லா இருக்கணும்.)

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கும் எங்கள் கோயிலின் கீபோர்டு இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில் ஜீப்பின் பின்னால் மழையில் நனைந்து, அதன் சின்னத் திரை செத்துப்போனது. எத்தனை முறை அமுக்கினோம் என்று காட்டுவதற்கு எண் கிடையாது. நாமேதான் எண்ண வேண்டும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முதல் அமுக்கலுக்குப் பிதா. இரண்டாவதுக்குக் குமாரன். மூன்றாவதுக்குப் பரிசுத்த ஆவி. நான்காவதுக்கு ஆமென். தமிழ் ஆராதனைக்குக் குமாரன் வரை போனால் போதும். மலையாள ஆராதனையில் பெண்கள் கொஞ்சம் உயரப் பாடுவார்கள், அதற்குப் பரிசுத்த ஆவி வரை. ஆமென் வரை அநேகமாகப் போக வேண்டியிருக்காது. பார்க்கிறவர்களுக்கு, பாட்டுக்கு முன்னால் தம்பி உதடசைத்து ஜெபம் பண்ணுகிறான் என்று தோன்றும். எனக்கு நல்ல பெயர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கோயிலில் கீபோர்டுக்குத் தப்பு வராது. பாட்டும் கீபோர்டும் ஒட்டாமல் போனால், எங்கள் கொயர் தலைவரும் சபைச் செயலாளருமான சத்தியதாஸ் சார் (ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்) திரும்பிப் பார்ப்பது பாடுகிறவர்களைத்தான். "கீபோர்டு கேட்டுப் பாடுங்க மக்களே" என்பார். நான் எந்தப் பள்ளத்தில் கிடந்தாலும் மொத்த சபையும் இறங்கி வந்து என்னோடு சேர்ந்துகொள்ளும். பதினாறு வயதில் எனக்குக் கிடைத்த அதிகாரம் அது. அந்த வயதில் அப்படி ஒரு அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அப்படி என்னைக் கேட்டே பாடி வளர்ந்தவள்தான் பிரீஜா. என் வகுப்புக்காரி, எங்கள் கொயரின் நல்ல குரல். கீபோர்டுக்கு இடது பக்கம், என் தோளில் இடிக்கிற தூரத்தில் நின்று பத்து வருடம் பாடியவள். நர்சிங் படித்து முடித்து, குவைத்துக்கு விசா வந்து காத்திருந்த நேரத்தில் அவளுக்கு வேறு ஒரு ஆசை வந்துவிட்டது. சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாட வேண்டும்.

அதற்குக் காரணம் கொல்லம். கப்பல் வரத்துக் குறைந்த பழைய துறைமுகம், வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் அண்டியாபீஸ்கள் என்று அந்த நகரம் ஓய்ந்துபோயிருந்தது. (முந்திரிப்பருப்பு உடைக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்றுதான் பெயர்.) பூட்டிய கட்டிடங்களுக்குள் கொஞ்சம் பிள்ளைகள் கிட்டாரோடு நுழைந்திருந்தார்கள். சினிமாப் பாட்டு பாடக் கூடாது, அடுத்தவர் பாட்டு பாடக் கூடாது, தன் பாட்டைத் தன் பாஷையில் பாட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பிரீஜாவோடு படித்த அனூப் என்ற கொல்லத்துப் பையன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவன் கிட்டார். அவள் பாட்டு. ஒரு கீபோர்டு இருந்தால் நன்றாக இருக்கும் என்று பேச்சு வந்தபோது, பிரீஜா என் பெயரைச் சொன்னாள். வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தகுதி.

அவள் எழுதியது அவளுடைய அம்மாவைப் பற்றிய பாட்டு. தங்கபாய் மாமி முப்பது வருடம் பெருங்கடவிளைப் பக்கம் ஒரு அண்டியாபீஸில் அண்டி தல்லியவர், அதாவது முந்திரிக்கொட்டை உடைத்தவர். அந்தத் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு, தோலைப் பொசுக்கிவிடும். அதற்காகப் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துத்தான் போகும். நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது மாமி விரல்களை மடக்கி, உள்ளங்கையை மட்டும் காட்டுவார். சின்ன வயதிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பாட்டு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

"சாம்பல் தொட்டுத் தல்லின கையி
சோறு உருட்டித் தந்த கையி"

என்று தொடங்கும். மூன்று சரணம். மாமி அதைக் கேட்டதில்லை. மாமிக்குப் பாட்டு என்றால் கோயிலில் பாடுவது; மற்றதெல்லாம் கூத்து. விசா கையில் இருக்கும்போது மகள் கிட்டார்க்காரர்களோடு சேர்ந்து பாடப்போகிறேன் என்றதும் வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. நாலாவது நாள் மாமி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"கொல்லத்துக்கு நானும் வாறேன். கேக்குறேன். கொள்ளாம்னா ஒரு வருசம் தாறேன், ஒனக்க இஷ்டம் போல பாடு. கொள்ளல்லன்னா குவைத்து. பொறவு என்னைக் குத்தம் செல்லக் கூடாது, கேட்டியா?"

"செல்லமாட்டேன்" என்றாள் பிரீஜா. (எங்கள் பேச்சில் 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கிறது; 'செல்லுவது' என்றால் சொல்லுவது.)

ஒரு பாட்டுக்கு ஒரு வருடம். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன்.

முதல் ஒத்திகைக்கு அனூப் கொல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். என்னை மரியாதையாகப் பார்த்து, "சேட்டா, பாட்டு ஈ ஸ்கேலிலாணு. குழப்பம் இல்லல்லோ?" என்றான். ஈ ஸ்கேலில் நாலு கறுப்புக் கட்டை உண்டு. எனக்கு ஒன்றோடுகூட அறிமுகம் இல்லை. அந்த இடத்தில், "தம்பி, எனக்கு இந்தப் பொத்தான் இல்லாமல் ஆகாது" என்று சொல்லியிருந்தால் அவன் சரி என்று சொல்லியிருப்பான். அவ்வளவு நல்ல பையன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்கேலெல்லாம் நமக்கு ஒரு பிரச்சினையே இல்ல அனூப். எதுல வேணும்னாலும் வாசிப்பேன். பொத்தான் அமுக்கி வாசிக்கிற ஆளுகளும் உண்டு. எனக்கு அது பிடிக்காது."

பிரீஜா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, ஆமென் என்று நாலு முறை அமுக்கி வைத்துவிட்டு, அனூப் கண்ணில் படாதபடி கீபோர்டின் அந்த மூலையில் ஒரு கைக்குட்டையைப் போட்டேன்.

அடுத்தது, கீபோர்டைக் கொல்லத்துக்குக் கொண்டுபோக அனுமதி. அது சபையின் சொத்து. ஊழியத்துக்கு மட்டும் வெளியே போகலாம். சத்தியதாஸ் சாரிடம் போய், "கொல்லத்துல ஒரு பாட்டு நிகழ்ச்சி சார்" என்றேன்.

"ஊழியமாக்கும்?"

"அப்படியும் சொல்லலாம் சார்."

அவர் அப்படியே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில், திருமண அறிக்கைக்கும் அசன விருந்துக்கும் நடுவே, "நமது சபையின் வாலிபர் இருவர் வரும் சனிக்கிழமை கொல்லத்தில் பாட்டு ஊழியம் செய்கிறார்கள். வர விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுக்கவும்" என்று வாசித்தார். ஊழியம் என்றால் எங்கள் ஊரில் வேன் நிறையாமல் போகாது. பதினாலு பேர் பெயர் கொடுத்தார்கள்.

அப்படியாக, கேரளத்தின் தனித்துவமான இளைஞர் இசைக் கூட்டம் ஒன்றுக்கு நாங்கள் ஒரு வேன் சபையாரோடு, பூட்டிக் கிடந்த ஒரு அண்டியாபீஸில் போய் இறங்கினோம். பாலராமபுரம் வெள்ளைச் சேலையும் கசவுக்கரையுமாகப் பெண்கள், கையில் பைபிள், பாட்டுப் புத்தகம், மூன்று தூக்குவாளி நிறைய மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அங்கே நின்றவர்கள் எல்லாரும் முட்டி கிழிந்த ஜீன்ஸ். எங்கள் பெண்கள் நேரே நடந்துபோய் முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கோயிலில் பின்னால் இடம் பிடிக்க அடித்துக்கொள்கிறவர்கள், அன்றைக்கென்று முன்வரிசை.

எங்களுக்கு முன்னால் ஒரு குழு ஏறியது. பாடியவன் அடிவயிற்றிலிருந்து அலறினான். முன்வரிசையில் சரோஜினி அக்கா தன் பையிலிருந்து மிளகு மிட்டாய் எடுத்து, பாட்டு முடிந்து அவன் கீழே இறங்கியதும் கையில் கொடுத்தார். "சுக்கு வெள்ளம் குடிங்க மோனே. தொண்ட நல்லா கெட்டுப்போச்சு." அவனும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

இதற்கிடையே தங்கபாய் மாமியைக் காணவில்லை. தேடிப்போனால், பின்பக்கக் கொட்டகையில் நிற்கிறார். பூட்டிப் பல வருடம் ஆகியும் சுவரில் அந்த எண்ணெய் வாடை போகவில்லை. நாலைந்து பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றார்கள். "இது தல்லுற எடம். இப்படி வரிசையா இருப்போம். சூப்பர்வைசர் அந்த வாசல்ல நிப்பான். அதுல பேசினா ஏச்சு" என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். விரல் மடங்கவில்லை. நீட்டித்தான் காட்டினார். ஒரு பெண் பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தாள். மாமி அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. பாட்டு இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் பாதி ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த ஒரு வருடம் பிரீஜாவுக்குக் கிடைத்தாயிற்று.

எங்கள் முறை வந்தது. நான் முன்கூட்டியே நாலு முறை அமுக்கி, கைக்குட்டை போட்டு, கெட்டிக்காரனாக நின்றேன். பிரீஜா மைக்கைப் பிடித்தாள். அந்த நொடியில் கரண்டு போயிற்று.

இரண்டு நிமிடத்தில் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள். ஆனால் கீபோர்டு அணைந்து எழுந்தால் டிரான்ஸ்போஸ் மறந்துபோகும்; மறுபடி முதலிலிருந்து அமுக்க வேண்டும். நான் கைக்குட்டைக்குள் விரலை விட்டேன். பிதா. குமாரன். அனூப், "சேட்டா, ரெடியல்லே?" என்றான். பரிசுத்த ஆவி. "ரெடி" என்றேன்.

பத்து வருடமாக மலையாள ஆராதனையில் அந்த மூன்றோடு நிறுத்திப் பழகிய விரல். அது தன் வேலை முடிந்தது என்று தானாகவே கட்டைக்கு வந்துவிட்டது.

கிட்டார் ஈயில் தொடங்கியது. நான் அதற்கு அரைச் சுருதி கீழே தொடங்கினேன். முழுசாக வேறு ஸ்கேலில் போயிருந்தால்கூட ஏதோ தப்பு நடக்கிறது என்று நாலு பேர் நிறுத்தியிருப்பார்கள். அரைச் சுருதி அப்படி இல்லை. கதவிடுக்கில் விரல் மாட்டினது மாதிரி இருக்கும், எங்கே மாட்டியது என்று தெரியாது. முன்வரிசையில் ஒரே நேரத்தில் பதினாலு முகம் சுளித்தது. எனக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது.

பிரீஜா கிட்டாரோடுதான் பாட்டை எடுத்தாள், சரியாக. இரண்டாவது வரியில் என் கீபோர்டு அவள் காதில் விழுந்தது. உடனே கீழே இறங்கி என்னோடு வந்தாள். அவள் வேறென்ன செய்வாள்? பத்து வருடமாகக் கேட்ட ஒரே கட்டளை அதுதானே. ஆனால் அனூப் எங்கள் கோயில்காரன் இல்லை. அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். அவள் என்னிடம் வந்தால் கிட்டார் இழுக்கிறது. கிட்டாருக்குப் போனால் நான் இழுக்கிறேன். நடுவில் அவள் குரல் ஏறி இறங்கித் தடுமாறிக்கொண்டிருந்தது. கேட்கிறவர்களுக்குக் கிட்டாரும் கீபோர்டும் தப்பாகத் தெரியாது. பாடுகிறவள் தப்புவதாகத்தான் தெரியும்.

முதல் சரணம் முடிந்து இடையில் நாலு தாளம் பாட்டு இல்லாத இடம் வரும். அதில் என் வலது கை சும்மா இருக்கும். கைக்குட்டை ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. ஒரே ஒரு அமுக்கல். ஆமென் என்று ஒரு வார்த்தை. என் கை போயிற்று. சத்தியமாகப் போயிற்று. அப்போது அனூப் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண் என் கையில் இருந்தது. 'பொத்தான் அமுக்கி வாசிக்கிற ஆளுகள்' என்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. கைக்குட்டை வரை போன கையை அப்படியே மேலே தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டேன்.

இதைத்தான் பன்னிரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். தெரியாமல் மூன்றில் நிறுத்தியதை மன்னித்துவிடலாம். தெரிந்தே மூக்கைச் சொறிந்ததை என்ன செய்வது?

இரண்டாவது சரணம் முடிந்ததும் பிரீஜா பாடுவதை நிறுத்தினாள். முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். மைக்கில், "சாரி" என்று ஒரு வார்த்தை சொன்னாள். இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது சரணம் பாடாமலே போயிற்று.

என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, சத்தியதாஸ் சாரைத் தவிர. அவர் எழுந்து மேடைக்கு வந்து மைக்கை வாங்கி, "கண்களை மூடுவோம்" என்றார். கிழிந்த ஜீன்ஸ் போட்ட பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாடின பிள்ளைக்குத் தைரியத்தையும் நல்ல சுகத்தையும் தரும்படி, பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலுமாக நாலு நிமிடம் ஜெபித்தார். இது ஒரு நிகழ்ச்சி என்று நினைத்தார்களோ என்னவோ, முடிந்ததும் நல்ல கைத்தட்டல். அன்றைக்கு எங்கள் வேனில் இருந்து வந்ததில் கைத்தட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுகளைப் பதிவு செய்ய ஆள் தேர்ந்தெடுக்க வந்திருந்த தாடிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "சிங்கர் சுருதி போயி. பக்ஷே நிங்களுடே கீபோர்டு, அது வேறே லெவல். ஆ அரைச் சுருதி தாழ்த்திப் பிடிச்சது... பயங்கர தைரியம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் நன்றி சொன்னேன். கொஞ்சம் தலையைக் குனிந்து, அடக்கத்தோடு சொன்னேன்.

திரும்பும் வழியில் வேனில் யாரும் பாடவில்லை. நான் கடைசிச் சீட்டில், படுக்கை விரிப்பில் சுற்றிய கீபோர்டை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பிரீஜாவும் மாமியும். ஆற்றிங்கல் தாண்டும்போது மாமி மெதுவாகப் பேசினார். கோபம் இல்லை; அதுதான் தாங்கவில்லை.

"மக்கா, நீ விசனப்படாண்டாம். ஒனக்குச் சுருதி நிக்கல்ல. அது தெய்வம் குடுக்கது. நீ குவைத்துக்குப் போ. பாட்டு கோயில்ல பாடினா போரும்."

"சரிம்மா" என்றாள் பிரீஜா.

அடுத்த மாதம் போய்விட்டாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே இரண்டு பிள்ளைகள். அனூப் கொஞ்ச நாள் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனும் ஒரு வங்கியில் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் காரக்கோணத்தில் மருந்துக்கடை போட்டேன், அனிதாவைக் கட்டினேன், ஞாயிறுதோறும் தவறாமல் கீபோர்டு வாசித்தேன். மாமி மட்டும் எங்கே பாட்டுப் பேச்சு வந்தாலும் முந்திக்கொண்டு, "எனக்க மகளுக்கு நல்ல சத்தம் உண்டு, சுருதிதான் நிக்காது" என்பார். ஒவ்வொரு முறையும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை முறை நகர்ந்திருப்பேன் என்று கணக்கில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் பிரீஜா விடுமுறையில் வந்திருந்தாள். கொயர் ஒத்திகைக்கு வந்து, பழைய இடத்தில், என் இடது பக்கம் நின்றாள். மற்றவர்கள் தேநீருக்குப் போனபோது, "ஒரு சோலோ பாடேன்" என்று கேட்டேன்.

"நான் வேண்டாம். எனக்குச் சுருதி நிக்காதுல்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "எலே, மூணுதானே அமுக்கின?" என்றாள்.

"என்னது?"

"கொல்லத்துல. ஆமென் நீ செல்லல்ல. ஒனக்க உதடு அசையதைப் பாத்துட்டுதானே நின்னேன்."

"அப்பமே தெரியுமா ஒனக்கு? பின்ன எதுக்கு எனக்க கூட எறங்கி வந்த?"

"வேற எங்க போக? கீபோர்டு கேட்டுப் பாடித்தானே வளந்தேன்."

"மாமிட்ட நீ செல்லியிருக்கலாமே பிரீஜா."

"நான் செல்லியிருந்தா நம்பியிருப்பாளா? கோயில் கீபோர்டாக்கும். நீதான் செல்லணும்." புத்தகத்தை மூடினாள். "பாலராமபுரம் வரை பாத்தேன், நீ வாய் தொறப்பேன்னு. பொறவு நெய்யாற்றின்கரை வந்துட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எங்கெங்கே நின்றது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அவள் இருக்கும்போதே போய் மாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். என் வீரம் உங்களுக்குத் தெரியுமே. அவள் விமானம் ஏறி இரண்டு வாரம் கழித்துத்தான் போனேன். மாமி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கட்டை, பொத்தான், பிதா குமாரன், கைக்குட்டை, மூக்கு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பாதி அவருக்கு விளங்கியிருக்காது. விளங்க வேண்டியது விளங்கிவிட்டது.

முறத்தைக் கீழே வைத்தார். "அப்பம் எனக்க பிள்ளைக்குச் சுருதி உண்டும்" என்றார்.

"உண்டு மாமி."

"நான் போற எடமெல்லாம் செல்லிட்டுக் கெடந்தேனே எலே. பெத்தவ செல்லலாமா அப்படி?"

என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டவில்லை. போனை எடுத்து என்னிடம் நீட்டி, வீடியோவில் பிரீஜாவைக் கூப்பிடச் சொன்னார். அவள் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் தோளுக்குப் பின்னால் என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

"செல்லிட்டானா?"

"செல்லிட்டான். மக்கா, அந்தப் பாட்டு ஒண்ணு பாடு. முழுசும் பாடு. நான் கடைசி கேக்கல்லல்லா."

பிரீஜா தண்ணீர் குடித்தாள். கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை. வெறும் குரலில் தொடங்கினாள். சாம்பல் தொட்டுத் தல்லின கையி. போனின் அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலும் சுருதி இம்மி பிசகவில்லை. மாமி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. பிறகு நின்றாள். வாய் திறந்து மூடினாள்.

"மூணாவது மறந்துட்டுதும்மா."

"பைய நெனச்சுப் பாரு."

"எழுதி வைக்கல்லம்மா. வரல்ல." பிறகு என்னைப் பார்த்து, "எலே, ஒனக்கு நெனவு உண்டா?" என்றாள்.

எத்தனை ஒத்திகை. எத்தனை முறை என் காதுக்குப் பக்கத்தில் நின்று அந்த மூன்றாம் சரணத்தைப் பாடியிருப்பாள். அதற்கு எந்தெந்தக் கார்டு, எங்கே மாற வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியும். வார்த்தை ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் அன்றெல்லாம் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றேன்.

"சாரமில்ல, போட்டும் மக்கா. வரும்போ பாடு" என்றார் மாமி.

மாமியிடம் சொன்னால் சபைக்கே சொன்ன மாதிரி. அடுத்த ஞாயிறு சத்தியதாஸ் சார், தன் வாழ்நாளில் முதல்முறையாக, பாடுகிறவர்களை விட்டுவிட்டுக் கீபோர்டைத் திரும்பிப் பார்த்தார். எண்கள் பெரிதாகத் தெரியும் புதுக் கீபோர்டு ஒன்று வாங்கத் தீர்மானம் போட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் கொயர் பெண்களில் ஒருத்தி, "ஆமென் போட்டாச்சா?" என்று கேட்காமல் வாய் திறப்பதில்லை. வீட்டிலும் அதே கதை. கேஸ் மூடினேனா, மோட்டார் நிறுத்தினேனா, கடை பூட்டினேனா, எல்லாவற்றுக்கும் அனிதா கேட்பது அந்த ஒரே கேள்விதான். கல்யாண வீடுகளில் என்னைப் பிடித்து உட்காரவைத்துக் கொல்லத்துக் கதையைச் சொல்ல வைக்கிறார்கள். மிளகு மிட்டாய், தாடிக்காரர், சாரின் ஜெபம் வரை சொல்லி நிறுத்திக்கொள்வேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மாமியும் சிரிப்பார்.

பழைய கீபோர்டைச் சபையில் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முப்பத்தெட்டு வயதில், கடை அடைத்து வந்தபின், கறுப்புக் கட்டைகள் படிக்கிறேன். பொத்தானைத் தொடாமல் ஈ ஸ்கேல். விரல்கள் கம்பு மாதிரி நிற்கின்றன. மூன்றாம் சரணத்தில் கார்டு மாறும் இடம் மட்டும் ஓரளவு வந்துவிட்டது.

நேற்று அடுப்படியிலிருந்து அனிதா வழக்கம் போலக் கேட்டாள். "ஆமென் போட்டாச்சா?"

"இது ஆமென் இல்லாம வாசிக்கதாக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள் போல. பிறகு, "நல்லாத்தான் இருக்கு. பாடுறது ஆராக்கும்?" என்றாள்.

நான் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.